அந்த அணி தோற்க வேண்டும்

அந்த அணியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பயம் ஒன்றுமில்லை. பெயரைச் சொல்லும் மரியாதையைக்கூட அவர்களுக்குத் தருவதாக இல்லை. அமெரிக்காவில் ஏதோ ஒரு நகரம், ஏதோ ஒரு நிறத்தில் சட்டை, கூடைப்பந்து ஆடிக் கோடி கோடியாகச் சம்பாதிக்கிற ஒரு கூட்டம். இவ்வளவு தெரிந்தால் போதும். இருபது வருஷத்துக்கு மேல் அவர்கள் ஜெயிக்க வேண்டும் என்று விடிவதற்கு முன்னால் எழுந்தவள் நான். கடைசி மூன்று வருஷமும் அதே நேரத்துக்குத்தான் எழுந்தேன். அவர்கள் தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக.

அங்கே ராத்திரி ஆடுகிற ஆட்டம் மைசூருக்கு விடியற்காலையில் வந்து சேரும். நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு அது ஒரு வசதி. ஐந்து, ஐந்தரைக்குத் தொடங்கினால் அனேகமாக முடிவு வரைக்கும் பார்த்துவிட்டு, இட்லியை டப்பாவில் அடைத்துக்கொண்டு எட்டு மணி டியூட்டிக்கு ஓடிவிடலாம். தெருவில் பால்காரர் வந்து போகிற நேரத்தில் நாங்கள் இரண்டாம் பாதிக்கு வந்திருப்போம்.

நாங்கள் என்றால் நானும் என் வீட்டுக்காரரும். கல்யாணமான புதிதில் மண்டி மொஹல்லாவில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தோம். அவர் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தார். கேபிளில் வந்த இந்த ஆட்டத்தை அவர்தான் எனக்குக் காட்டினார். காட்டினதோடு நிற்காமல் விதிகளைச் சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தார். நான் ஒரு வாரம் பேசாமல் கேட்டுக்கொண்டேன். எட்டாவது நாள், நடுவர் ஏன் விசில் ஊதினார் என்று அவர் தப்பாகச் சொன்னபோது திருத்தினேன். பள்ளிக்கூடத்திலும் நர்சிங் படிக்கும்போதும் ஆறு வருஷம் ஆடியவள் நான் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பெண் பார்க்க வந்தபோது சமையல் தெரியுமா என்றார்கள், ஜெபமாலை சொல்வாளா என்றார்கள், கூடைப்பந்து தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவர் எனக்குப் பாடம் எடுப்பதை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய மர சோபா. இடது பக்கம் நான், வலது பக்கம் அவர், கையில் ஆளுக்கொரு காப்பி. ஆட்டம் ஓடும்போது வீட்டு விஷயம் பேசக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம். அவருடைய அக்காவைப் பற்றி, என் அண்ணனைப் பற்றி, மகளின் மார்க்கைப் பற்றி எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு நாளும் போட்டதில்லை. விஜயநகரில் சொந்த வீடு கட்டிக் குடிபோனபோது கட்டில், பீரோ எல்லாம் புதிதாக வாங்கினோம், அந்த சோபாவை மட்டும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனோம்.

பிறகு அந்த அணிக்கு எங்கள் ஆள் வந்தான். அவன் பெயரையும் சொல்லமாட்டேன், அது வேறு காரணம்: அவன் பெயரைச் சொன்னால் அணியின் பெயர் தானாக வந்துவிடும். அவர்கள் கணக்கில் குள்ளம். துள்ளிக் குதித்துப் பந்தை வளையத்தில் திணிக்கிற ரகம் இல்லை. எதிராளி எந்தப் பக்கம் போகப்போகிறான் என்று முன்கூட்டியே போய் நின்றுகொள்வான். பந்து கோட்டைத் தாண்டப் போனால் தரையில் விழுந்து புரண்டாவது எடுத்துக் கொடுப்பான். நானும் அப்படித்தான் ஆடினேன், எனக்கும் உயரம் கிடையாது. எலும்பு வார்டில் வேலை பார்க்கிறவளுக்கு அந்த முழங்கால் எத்தனை அடி வாங்கியிருக்கும் என்று தெரியும். பதினோரு வருஷம் அவர்களுக்காக அவன் உடம்பைத் தேய்த்தான். வேறு பெரிய அணி கூப்பிட்டபோதும் போகவில்லை.

இந்த இடத்தில் என் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என் கோபம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பத்தொன்பது வருஷம் நான் ஒரே எலும்பு முறிவு வார்டில் இருந்தேன். கட்டுப் போட்டவர்களைப் புரட்டிப் படுக்கவைப்பதிலிருந்து, முதல் அடி எடுத்து வைக்கும்போது தோள் கொடுப்பது வரைக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். திங்கட்கிழமையிலிருந்து வெளிநோயாளிகள் பிரிவில் டோக்கன் கொடுக்கிற கவுண்டர் என்றார். காரணம் கேட்டேன். நிர்வாகம் என்றால் அப்படித்தான் சிஸ்டர், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கன்னடத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். என் இடத்துக்கு வந்தவள் படிப்பு முடித்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண்.

அது நடந்து எட்டு மாதம் கழித்து, ஒரு பிப்ரவரி மாதம், எங்கள் ஆளை வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த விளையாட்டில் அது சாதாரணம். ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம், ஆளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. அவனைக் கொடுத்துவிட்டு ஒரு நெட்டைப் பையனை வாங்கினார்கள். கூடவே, வரப்போகிற வருஷங்களில் இரண்டு புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அந்த இரண்டு பேரும் அப்போது எங்கோ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார்கள். இன்னும் முகமே தெரியாத இரண்டு பிள்ளைகளுக்காகப் பதினோரு வருஷத்தைக் கறிவேப்பிலை மாதிரி எடுத்து ஓரத்தில் வைத்தார்கள். அடுத்த ஊர் ஆட்டத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அவனுக்கு ஃபோனில் சொன்னார்களாம்.

செய்தி வந்தபோது நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். தோசை கருகிப்போனது. அவர் சமையலறைக்கு வந்து அடுப்பை அணைத்தார். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னார்.

"பிசினஸ்னா அப்படித்தாம்மா. மனசுல வெச்சுக்காத."

மேனேஜர் சொன்னது கன்னடம், இவர் சொன்னது தமிழ். மற்றபடி ஒரு வித்தியாசமும் இல்லை. ஆறுதலுக்குச் சொன்னார் என்று தெரியும். தெரிந்தும் என் வயிறு எரிந்தது. மருத்துவமனையை என்னால் ஒன்றும் செய்ய முடியாது, சம்பளம் அங்கேதான் வருகிறது. மேனேஜரைப் பார்த்தால் தினமும் குட் மார்னிங் சொல்லியாக வேண்டும். அமெரிக்காக்காரன் என்னை என்ன செய்துவிட முடியும்? என் பழியை எல்லாம் அவர்கள் தலையில் கட்டினேன்.

மறுநாள் காலை சோபாவில் உட்காரவில்லை. சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எதிரணிக்குக் கை தட்டினேன். அவர் அணியை விடவில்லை. ஆள் போனால் என்ன, சட்டை அதே சட்டைதானே என்றார். அந்தச் சட்டை எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது, மகள் ஒரு பிறந்தநாளுக்கு எனக்கு வாங்கிக் கொடுத்தது. அதைக் கத்தரித்துத் தரை துடைக்கிற துணியாக்கினேன். அவர் கண் முன்னால்தான் துடைத்தேன்.

மூன்று வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர்களோடு யார் ஆடினாலும் அன்றைக்கு அதுதான் என் அணி. எந்த ஊர், யார் ஆட்டக்காரர்கள் என்றுகூடத் தெரியாமல் ஆதரித்திருக்கிறேன். அந்த நெட்டைப் பையனின் குறை நிறையெல்லாம் அவனுடைய பயிற்சியாளரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இடது பக்கம் திருப்பினால் தடுமாறுவான். கடைசி நிமிஷத்தில், யாரும் குறுக்கே வராமல் நின்ற இடத்திலிருந்து எறிகிற ஃப்ரீ த்ரோ போடச் சொன்னால் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான், உடனே எனக்குத் தெரிந்துவிடும், தவறவிடப்போகிறான் என்று. அவனுக்கு அடிபட வேண்டும் என்று மட்டும் ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. முழங்கால் பிசகியவர்கள் முதல் நாள் எப்படி அழுவார்கள் என்று பார்த்தவள் அதை வேண்ட மாட்டாள். அவன் முழு உடம்போடு ஆடி மண்ணைக் கவ்வ வேண்டும்.

அவர்கள் தோற்ற நாளில் டோக்கன் கவுண்டரில் எனக்கு நேரம் போவதே தெரியாது. எல்லாரிடமும் சிரித்துப் பேசுவேன். ஜெயித்த நாளில் வாசலில் இருக்கிற செக்யூரிட்டிகூட என்னிடம் பேச மாட்டார். ஆட்டமே பிடிக்காமல் போய்விட்டது என்பதும் நிஜம்தான். சட்டையில் விளம்பரம், தரையில் விளம்பரம், பெரிய ஆட்டக்காரர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே ஓய்வு என்று உட்கார்ந்துகொள்கிறார்கள், மற்றவர்கள் தூரத்திலிருந்தே பந்தை எறிந்துகொண்டிருக்கிறார்கள். தரையில் விழுந்து பந்தை எடுக்கிறவன் எவனும் இல்லை. பிடிக்காத ஆட்டத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்தவள் மைசூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் ஆரம்பத்தில் என்னோடு வாதாடிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். அவர் அணி ஜெயித்தாலும் கை தட்டுவதில்லை. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்வார். தினமும் காலையில் இரண்டு காப்பி போட்டு, ஒன்றை மேஜையில் என் முன்னால் வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் போவார். போய் வலது பக்க ஓரத்திலேயே உட்காருவார். இடது பக்கம் காலியாகத்தான் இருக்கும். ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு அந்த நாளில் வேறு பேச்சுத்துணை கிடையாது. எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தே உட்கார்ந்திருந்தேன்.

போன தவக்காலத்தில் சாம்பல் புதன் பூசைக்குப் போய்விட்டு வந்ததும், ஈஸ்டர் வரைக்கும் தனக்குக் கறி, மீன், முட்டை எதுவும் வேண்டாம் என்றார். எங்கள் வீட்டில் புதனும் வெள்ளியும் மட்டும்தான் கறியில்லாத சுத்தபோசனம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லையென்றால் பூசை கண்ட மாதிரியே இல்லை என்கிற மனுஷன் அவர். என்ன திடீரென்று என்று கேட்டேன். ஒரு வேண்டுதல், பொருத்தனை என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பொருத்தனை நிறைவேறும் வரைக்கும் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, மற்றவர்களும் துருவிக் கேட்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் வழக்கம். சொன்னால் பலிக்காதாம்.

கேட்காவிட்டால் என்ன, கண்டுபிடிக்க எனக்குத் தெரியாதா? அந்த வாரம் அந்த அணி பிளேஆஃப் கிடைக்குமா கிடைக்காதா என்று தொங்கிக்கொண்டிருந்தது. சீசன் முடிவில் மேலே இருக்கிற அணிகள் மட்டும் ஆடுகிற சுற்று அது. இவருக்கு வேறு என்ன குறை? மகள் பெங்களூரில் நன்றாக இருக்கிறாள், உடம்பில் சர்க்கரைகூடக் கிடையாது. அணிக்காகத்தான் கறியை விட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

அந்த முடிவை உறுதிப்படுத்துகிற மாதிரி அவர்கள் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். ஐந்து ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தார்கள். அந்த நெட்டையன் இடது பக்கமும் திரும்பினான், ஃப்ரீ த்ரோவும் போட்டான். இவர் கீரையும் பருப்புமாகச் சாப்பிட்டுக்கொண்டே போனார், அவர்கள் ஏறிக்கொண்டே போனார்கள். கடவுளும் நிர்வாகத்தின் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன். கோயிலில் திவ்விய நற்கருணையை வாங்கிக்கொண்டு திரும்பும்போதுகூட மனதுக்குள் கறுவிக்கொண்டுதான் வந்தேன்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வருகிற குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய வாரம், அவர்களுக்கு வாழ்வா சாவா என்று ஒரு ஆட்டம். தோற்றால் அந்த வருஷத்துக்கு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நமக்கு வெள்ளிக்கிழமை காலை. வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை. மண்டி மொஹல்லாவுக்குப் போய், பழைய கறிக்கடையில் நல்லி எலும்பு வாங்கினேன். தவக்காலத்தில் எலும்பா என்று கடைக்காரர் கேட்டார். பக்கத்து வீட்டில் பத்தியம் என்று புளுகினேன். வீட்டுக்காரர் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது குக்கரில் வேகவைத்து, சாற்றை வடிகட்டி, மேலே மிதந்த கொழுப்பை எடுத்துவிட்டு, மிளகு ரசத்தில் நாலு கரண்டி ஊற்றினேன். பொருத்தனை தெரியாமல் முறிந்தாலும் முறிந்ததுதான் என்று எங்களில் சொல்வார்கள். எனக்கு வேண்டியது அதுதான். வெள்ளிக்கிழமை செய்திருந்தால் பாவம் இன்னும் பெரிதாக இருந்திருக்கும், அதற்கு எனக்கே துணிச்சல் வரவில்லை. வியாழக்கிழமைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மிளகைத் தூக்கலாகப் போட்டிருந்தேன். அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னைக்கு ரசம் ரொம்ப நல்லாருக்கு" என்றார். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி, கையில் ஊற்றிக் குடித்தார். எலும்புகளைக் காகிதத்தில் சுற்றி, அடுத்த தெருக் குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். மத்தியானம் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டம் நான் ஆசைப்பட்டதற்கும் மேலே இருந்தது. கடைசி நிமிஷம் வரைக்கும் முன்னால் இருந்தார்கள். முடிய எட்டு வினாடி இருக்கும்போது அந்த நெட்டையனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. தொண்டையைத் தொட்டான். இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே போயின. எதிரணிக்காரன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் போட்டான். முடிந்தது. அரங்கத்தில் ஜனங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கிழவி சட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள், அதையும் காட்டினார்கள். என் நெஞ்சு குளிர்ந்தது. மூன்று வருஷத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, சோபாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கேட்டேன்.

"என்னங்க, பொருத்தனை என்னாச்சு? ஒரு மாசமா கீரையத் தின்னு உடம்பக் கெடுத்துக்கிட்டதுதான் மிச்சம்."

அவர் திரும்பவில்லை. ரிமோட்டை எடுத்து டீவியை அணைத்தார்.

"இவங்களுக்காக எவனாவது கறிய விடுவானா?" என்றார். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "நீ பழையபடி இங்க வந்து உக்காரணும்னு வேண்டிக்கிட்டேன். சொல்லக் கூடாது. சொல்லிட்டேன், இனி பலிக்குமோ என்னவோ" என்றார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

நான் சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அமெரிக்காவில் அந்த அணியின் முதலாளிக்கு நான் ஒருத்தி இருப்பதே தெரியாது. எங்கள் மேனேஜர் அந்த நேரத்தில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருப்பார். மூன்று வருஷம் நான் வளர்த்த பழி போய்ச் சேர்ந்த ஒரே ஆள் குளியலறையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அன்று டியூட்டிக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை. என் முறை வந்தபோது எலும்புச் சாற்றைச் சொன்னேன். சாமியார் வயதானவர், கன்னடக்காரர். எதற்காகச் செய்தாய் என்றார். ஒரு பந்தாட்டத்துக்காக என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, சொன்னேன். அவர் எனக்கு ஜெபம் எதுவும் கொடுக்கவில்லை. வீட்டுக்காரரிடம் போய்ச் சொல், அதுதான் உனக்கு அபராதம் என்றார். ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையை முழங்காலில் நின்று பத்துத் தடவை சொல்லச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் சொல்ல வாய் திறந்தேன். மூன்று நாளும் வேறு எதையோ பேசினேன். ஈஸ்டர் அன்று மட்டன் பிரியாணி செய்தேன். அன்று காலை பிளேஆஃப் ஆட்டம் ஒன்று நடந்திருந்தது. எங்கள் ஆள் இப்போது ஆடுகிற அணி. கோயிலுக்குப் போகிற அவசரத்தில் பார்க்க முடியவில்லை, முடிவு தெரிந்துவிடக் கூடாது என்று இரண்டு பேரும் ஃபோனைத் தொடாமல் இருந்தோம். மத்தியானம் அவர் அதைப் போட்டுவிட்டுத் தட்டோடு சோபாவில் உட்கார்ந்தார். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு நாற்காலி வரைக்கும் போனேன். நாற்காலியைத் தாண்டிப் போய், அவருக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார், அவ்வளவு இடம் தேவையே இல்லை. எங்கள் ஆளுக்குத் தலை நரைத்திருந்தது. முன்பு மாதிரி ஓட முடியவில்லை, பாதி ஆட்டம் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஆனாலும் உள்ளே விட்டதும் ஒரு பந்துக்காகத் தரையில் விழுந்தான், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை தட்டினோம். அவர் கையில் எண்ணெய், என் கையிலும் எண்ணெய்.

அவர் தட்டிலிருந்து முதல் கறித்துண்டை எடுத்தார். உடனே வாயில் வைக்கவில்லை. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது நாள்" என்றார். "ஒரு நாள்கூடத் தப்பல. அதான் பலிச்சிருக்கு."

சாமியார் சொன்னது என் தொண்டை வரைக்கும் வந்தது. "ஏங்க" என்றேன்.

அவர் மென்றுகொண்டே என் பக்கம் திரும்பினார். மூன்று வருஷமாக ஆட்ட நேரத்தில் அந்த முகத்தை நான் பக்கவாட்டில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"இன்னும் ரெண்டு துண்டு வெக்கட்டுமா?" என்று கேட்டேன்.

தட்டை நீட்டினார். வைத்தேன்.